பாட்டிலில் எட்டு கிராம், இனிப்பு டம்ளரில்: வீட்டில் இஞ்சி சோடா அடைக்க முழு வழிகாட்டி

வீட்டில் முதன்முதலாக இஞ்சி சோடா போட்டவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டு வகை. நாலு நாள் வைத்திருந்தும் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்ற சத்தம்கூட இல்லை, வெறும் இஞ்சித் தண்ணீர் என்பார்கள் சிலர். மூடியைத் தொட்டதுமே பொங்கி, பாதி பாட்டில் அடுப்படிச் சுவரில் அடித்தது என்பார்கள் மற்றவர்கள். மூன்றாவதாக ஒன்றும் நடக்கிறது: ராத்திரியில் கண்ணாடி பாட்டில் வெடித்துச் சில்லு சில்லாகச் சிதறுவது. நம் நெல்லைச் சீமை வெயிலில் இந்த மூன்றாவதற்கு வாய்ப்பு அதிகம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பில் “சமையலறை மேடையில் ஒரு வாரம் வையுங்கள்” என்று இருக்கும். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் ஒரு வாரம் என்பது வேறு கணக்கு.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். பாட்டிலை மூடும்போது அதற்குள் வாயு உண்டாக்கத் தேவையான சர்க்கரை மட்டும் இருக்க வேண்டும். குடிப்பதற்கான இனிப்பு பாட்டிலுக்குள் போகவே கூடாது. அது டம்ளரில் சேரட்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் ஊர் சர்பத் கடையில் நடப்பதும் இதுதான். டம்ளரில் நன்னாரிப் பாகை ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, மேலே சோடாவை விடுகிறார்கள். சோடாவுக்குத் தனியாக இனிப்பு கிடையாது.

முதலில் கணக்கு

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய சரிபாதி எடைக்குக் கரியமில வாயுவையும், மறுபாதிக்கு ஆல்கஹாலையும் விடுகிறது. 4 கிராம் சர்க்கரை கிட்டத்தட்ட 2 கிராம் வாயு தரும். 2 கிராம் வாயு என்பது உறைநிலைக் குளிரில் அளந்தால் சுமார் 1 லிட்டர். ஆகவே ஒரு லிட்டர் பானத்தில் 4 கிராம் சர்க்கரை கரைந்திருந்தால், அந்தப் பானத்தின் அளவுக்கு ஒரு மடங்கு வாயு கிடைக்கும். 8 கிராம் என்றால் இரண்டு மடங்கு. சோடா அடைப்பதன் கணக்கு இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க: பீரில் சாதாரணமாக இரண்டரை மடங்கு வாயு இருக்கும். கடையில் விற்கும் கலர், சோடா வகைகளில் மூன்றரை, நாலு மடங்கு வரை போகும். இப்போது இணையத்தில் சுற்றும் இஞ்சி சோடாக் குறிப்பு ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போடச் சொல்லியிருக்கும், குடிக்கத் தித்திப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த 100 கிராமையும் ஈஸ்ட் தின்று முடித்தால் 25 மடங்கு வாயு. வீட்டில் இருக்கும் எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. அதைத் தடுப்பது ஃபிரிட்ஜின் குளிர் மட்டுமே. நீங்கள் சரியான நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் தப்பித்தீர்கள். கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு நாள் தாமதமானாலோ, ஊரில் கரண்ட் போய்விட்டாலோ நிலைமை கை மீறிவிடும்.

8 கிராம் மட்டும் போட்டால் இந்தப் பயமே இல்லை. தின்னச் சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் நின்றுவிடும். ஒரு நாள் தாமதமானாலும் பத்து நாள் தாமதமானாலும் அதே இரண்டு மடங்குதான்.

“ஏலே, இது கள்ளாயிராதா?” என்று வீட்டில் ஆச்சி கேட்பாள். நியாயமான கேள்விதான். பனங்காடுகளில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. பதநீரில் இருக்கும் அத்தனை இனிப்பும் அப்படியே நிற்கும். அதே இனிப்பு ஈஸ்ட்டின் கைக்குப் போனால் போதையாகிவிடும். நாம் செய்யும் சோடாவில் ஈஸ்ட்டைத் தடுப்பதில்லை, அதற்குப் போடும் தீனியைக் குறைக்கிறோம். லிட்டருக்கு 8 கிராமில் உண்டாகும் ஆல்கஹால் அரை சதவீத அளவு. 100 கிராம் போட்டு முழுக்கப் புளிக்க விட்டால் அது 6 சதவீதத்தைத் தாண்டி பீரை மிஞ்சிவிடும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும் விலக்கில்லை. சர்க்கரையை அளந்து போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அரை சதவீதமும் ஆல்கஹால்தான். மதுவை அறவே விலக்கியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பீர் அடைப்பவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் (பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை, அமெரிக்காவில் 1978இல் சட்டம் வந்தது) பாட்டில் அடைப்பது பற்றி நிறைய அனுபவம் சேர்ந்திருக்கிறது. அவர்கள் பீரை முழுக்கப் புளிக்கவிட்டு, சர்க்கரை எல்லாம் தீர்ந்த பிறகு, அளந்த சர்க்கரையைப் புதிதாகக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். அந்தக் கடைசிச் சர்க்கரைக்கு ‘பிரைமிங் சர்க்கரை’ என்று பெயர். அங்கே புதியவர்கள் செய்யும் தப்புகள் நமக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் தப்பு அவசரம். நுரை அடங்கிவிட்டது, அதனால் புளித்து முடிந்துவிட்டது என்று நினைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே இன்னும் சர்க்கரை மிச்சம் இருக்கும். அதோடு பிரைமிங் சர்க்கரையும் சேர, பாட்டில் வெடிகுண்டாகிவிடும். அனுபவசாலிகள் கண்ணை நம்புவதில்லை. ஹைட்ரோமீட்டரை (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்பதைத் திரவத்தின் அடர்த்தியை வைத்துக் காட்டும் மிதவைக் கருவி) மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடைப்பார்கள்.

இரண்டாவது, குறிப்பில் உள்ள மொத்த எடையை அப்படியே போடுவது. ஐந்து அமெரிக்க கேலனுக்கு, அதாவது சுமார் 19 லிட்டருக்கு, 115 முதல் 140 கிராம் சர்க்கரை என்று குறிப்பில் இருக்கும். அடியில் வண்டல், வழியில் சிந்தியது எல்லாம் போக உண்மையில் 15 லிட்டர்தான் மிஞ்சியிருக்கும். சர்க்கரை மட்டும் 19 லிட்டருக்கானது. நம் பக்கம் இதே தப்பு வேறு விதமாக வரும்: இரண்டு லிட்டர் தண்ணீரில் இஞ்சியைக் கொதிக்க விடுகிறோம், வற்றி ஒன்றரை லிட்டர் ஆகிறது, சர்க்கரை மட்டும் இரண்டு லிட்டருக்கு. எப்போதும் அடைக்கப்போகும் அளவை அளந்த பிறகு சர்க்கரையை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் சர்க்கரை போடுவது. தட்டையாக வழித்த டீஸ்பூனில் சர்க்கரை 4 கிராம் பிடிக்கும். குவித்து அள்ளினால் ஆறு, ஏழு கிராம் வந்துவிடும். ஒரே வீட்டில் ஒரே நாளில் அடைத்த நாலு பாட்டிலில் ஒன்று சப்பென்று இருப்பதும் ஒன்று பீய்ச்சி அடிப்பதும் இதனால்தான்.

பாட்டில்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், கையும் கண்ணும் சம்பந்தப்பட்ட விஷயம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். அதிலும் கலர், சோடா வந்த பாட்டில். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து கால் வைத்த மாதிரி புடைத்திருந்தால் அது அழுத்தம் தாங்கச் செய்தது. தண்ணீர் பாட்டில் மெலிசாக, கசங்கும். அது ஆகாது. பிளாஸ்டிக் பாட்டிலின் பெரிய நன்மை, வெளியே இருந்தே விரலால் அமுக்கிப் பார்க்கலாம். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பதைக் கண்ணாடி உங்களுக்குச் சொல்லாது.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் வாயு நிறைந்த பானத்துக்கென்றே செய்த கெட்டிப் பாட்டிலை மட்டும் எடுக்கலாம். ஸ்குவாஷ், சாஸ், தேன், பிராந்தி பாட்டில்கள் அழுத்தம் தாங்கச் செய்தவை அல்ல. அழகுக்காகச் சதுரமாகச் செய்த பாட்டில்களைத் தொடவே வேண்டாம், மூலைகளில்தான் முதலில் விரிசல் விடும். வாயில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கோலி சோடா பாட்டில் அவ்வளவு கனமாக இருக்கிறதே, அதில் அடைக்கலாமா என்று கேட்கத் தோன்றும். முடியாது. 1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் வாயுவேதான். மெஷினில் பாட்டிலைக் கவிழ்த்து, வாயுவைச் செலுத்தி அடைப்பதால் கோலி போய் உட்காருகிறது. நம்முடைய முறையில் முதல் நாள் வாயுவே இருக்காது. கோலி கழுத்துக்குக் கீழே கிடக்கும், மெதுவாக ஊறும் வாயு எல்லாம் வெளியே போய்விடும்.

பழைய பிளாஸ்டிக் பாட்டிலை எடுக்கும்போது மூடியைச் சோதியுங்கள். தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, தலைகீழாகப் பிடித்து அழுத்துங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த மூடி வேண்டாம். ‘வாயுவே வரலை’ என்ற புகாரில் பெரும்பங்கு மூடியின் குற்றம்.

சுத்தம் செய்வது: பாத்திர சோப்பு, பாட்டில் பிரஷ், நிறையத் தண்ணீர். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 அல்லது 3 மில்லி வாசனை இல்லாத சாதாரண பிளீச் கலந்து, பாட்டிலையும் மூடியையும் புனலையும் பத்து நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் சுருங்கிக் கோணிவிடும். கோணிய பாட்டிலில் அடைக்காதீர்கள்.

தேவையானவை

இரண்டு லிட்டருக்கு, அதாவது நாலு அரை லிட்டர் பாட்டிலுக்கு: நல்ல இஞ்சி 100 கிராம், சர்க்கரை 16 கிராம், எலுமிச்சைச் சாறு 40 மில்லி, பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு. எலுமிச்சைக்குப் புளியங்குடிப் பழம் கிடைத்தால் நல்லது, சாறு நிறைய வரும். ஒரு எவர்சில்வர் பாத்திரம், வடிகட்டி, புனல், மருந்துக்கடையில் வாங்கிய ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். சிரிஞ்ச் எதற்கு என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் வேண்டாம், எலுமிச்சைப் புளிப்பு அரிக்கும்.

எலுமிச்சையை ருசிக்காக மட்டும் போடுவதாக நினைத்து யாரும் விட்டுவிடக் கூடாது. இனிப்பும் உப்பும் குறைவான, காற்றுப் புகாமல் மூடிய பானம் இது. வெளியே இரண்டு மூன்று நாள் இருக்கப்போகிறது. கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருப்பது அந்தப் புளிப்புதான்.

தண்ணீர் தாமிரபரணி குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து, திறந்து வைத்து ஆறவிடுங்கள். குளோரின் போய்விடும். குளோரின் ஈஸ்ட்டுக்கு ஆகாது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை

இஞ்சியைக் கழுவி, மண் ஒட்டிய இடங்களைச் சுரண்டிவிட்டு, அம்மியிலோ உரலிலோ நைய நசுக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்த பிறகு சிறு தீயில் பதினைந்து நிமிடம். வடிகட்டி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாவு பாட்டிலுக்குள் போனால் திறக்கும்போது வாயு அதைச் சுற்றிச் சேர்ந்து பொங்கும்.

இதில் கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்த்து, சர்க்கரைக்கும் எலுமிச்சைக்கும் கொஞ்சம் இடம் விட்டு, அளவை 1 லிட்டர் 850 மில்லிக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது சர்க்கரை. வீட்டில் கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இருந்தால் 16 கிராம் நிறுத்து, ஒரு கரண்டி கொதிநீரில் கரைத்து, மொத்தப் பாத்திரத்திலும் ஊற்றி, மரக்கரண்டியால் அடிவரை நன்றாகக் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கினால் பாகு அடியிலேயே தங்கிவிடும், முதல் பாட்டிலுக்கு ஒன்றும் போகாது, கடைசிப் பாட்டிலுக்கு எல்லாம் போய்விடும்.

தராசு இல்லையென்றால் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் 80 கிராம் சர்க்கரை நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, ஆறிய பின் தண்ணீர் சேர்த்து மொத்தம் சரியாக 500 மில்லியாக ஆக்குங்கள். இப்போது இந்தப் பாகில் 25 மில்லிக்கு 4 கிராம் சர்க்கரை. அரை லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு 25 மில்லி போதும். அதாவது சிரிஞ்சில் இரண்டு முழு இழுப்பு, ஒரு பாதி இழுப்பு. காற்றுக் குமிழி இல்லாமல் இழுத்து, கோட்டை நேராகக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பூனில் வராத ஒழுங்கு இதில் வரும். இந்த முறையில் போட்டால் பானத்தில் 100 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும்.

பானம் வெதுவெதுப்பான நிலைக்கு வந்த பிறகு எலுமிச்சைச் சாறும் ஈஸ்ட்டும். கையை வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. 50 டிகிரியைத் தாண்டிய பானத்தில் போட்ட ஈஸ்ட் செத்துவிடும். பிறகு எத்தனை நாள் காத்திருந்தும் பலன் இல்லை. ஈஸ்ட்டை நேராகத் தூவாமல், கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகைச் சர்க்கரையோடு பத்து நிமிடம் விட்டு, நுரை வருகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். நுரை வராத ஈஸ்ட் பழசு.

ஈஸ்ட்டைக் கூட்டினால் வாயு கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கூடாது. வாயுவின் அளவைத் தீர்மானிப்பது சர்க்கரை மட்டுமே. ஈஸ்ட் கூடினால் வேகம் கூடும், அடியில் வண்டல் கூடும், பன் வாடை அடிக்கும்.

புனல் வைத்து பாட்டிலில் ஊற்றும்போது மேலே இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வெயிலில் திரவம் விரிய இடம் இருக்காது. கால்வாசி காலியாக விட்டால் வாயுவில் ஒரு பங்கு அந்தக் காலி இடத்திலேயே தங்கிவிடும். பெரிய பாத்திரத்திலிருந்து டியூப் போட்டு இறக்குகிறவர்கள் டியூபை வாயால் உறிஞ்சக் கூடாது. வாயில் இருப்பதெல்லாம் பானத்துக்குள் போய்விடும்.

மூடியை இறுக்குங்கள். தேதியையும் ‘8 கிராம்’ என்பதையும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.

காத்திருப்பு

நம் ஊரில் வீட்டுக்குள் 28 முதல் 32 டிகிரி என்பது சாதாரணம். அந்தச் சூட்டில் இரண்டு மூன்று நாள் போதும். பங்குனி, சித்திரையில் இன்னும் சீக்கிரம். ஆனி, ஆடியில் மேற்கே தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் விழும் நாட்களில் ஒரு நாள் கூடுதலாகும். வெயில் படாத, காற்றோட்டமான மூலையில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடுங்கள். மொட்டைமாடி, காருக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால்: இவை எதுவும் வேண்டாம்.

ஏன் சூட்டைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், சர்க்கரை கூட்டாமலே சூடு அழுத்தத்தைக் கூட்டும். இரண்டு மடங்கு வாயு உள்ள சோடா ஃபிரிட்ஜில் இருக்கும்போது மூடியின் மேல் காற்றழுத்தத்தில் பாதிகூட வராத அழுத்தம்தான் தரும். அதே பாட்டில் 30 டிகிரியில் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு தரும். கரைந்திருக்கும் வாயு சூட்டில் கரைசலை விட்டு வெளியேறி மேலே வந்து முட்டுவதே காரணம். குளிரவைத்த பாட்டில் அடங்கிக் கிடப்பதும், வெயிலில் வைத்த பாட்டில் சீறுவதும் இதனால்தான்.

தினம் ஒருமுறை பாட்டிலின் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். முதல் நாள் பழுத்த தக்காளி மாதிரி உள்ளே போகும். பிறகு விரலைத் தள்ள ஆரம்பிக்கும். கட்டையாக, அசையாமல் ஆனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே முழுதாக ஒரு நாள் இருக்கட்டும். இந்த ஒரு நாளைப் பொறுக்காமல் ஒரு மணி நேரத்தில் திறப்பவர்களுக்குத்தான் பாதி பாட்டில் நுரையாகப் போகிறது. மேலே காலி இடத்தில் இருக்கும் வாயு குளிர்ந்த திரவத்துக்குள் கரைந்து இறங்க அவகாசம் வேண்டும். அவசரத்துக்கு ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் பாட்டில் பிளக்கும்.

திறப்பதும் ஊற்றுவதும்

சிங்க்கின் மேல் பிடித்து, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் அடங்கும்வரை நின்று, பிறகு முழுதாகத் திறங்கள். முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். அடியில் மெல்லிய வண்டல் இருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, வேலை முடித்து உட்கார்ந்த ஈஸ்ட். பாட்டிலைக் குலுக்காமல் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரல்கடையை விட்டுவிடுங்கள்.

டம்ளரில் முதலில் நன்னாரிப் பாகு இரண்டு மேசைக்கரண்டி, ஊறிய சப்ஜா விதை, ஒரு துளி உப்பு. பிறகு சோடாவை டம்ளரின் ஓரமாகச் சாய்த்து விடுங்கள். சோடாவுக்கு மேல் பாகை ஊற்றினால் பொங்கி வழியும். ஐஸ்கட்டியும் கடைசியில் போட்டால் அப்படித்தான். இனிப்பு எவ்வளவு வேண்டும் என்பது அவரவர் விருப்பம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் பாகே இல்லாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம், நன்றாகவே இருக்கும்.

எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிப்பது

மூன்று நாளாகியும் பாட்டில் மெத்தென்று இருந்தால் வரிசையாகப் பாருங்கள். பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி அமுக்கினால் மூடிப் பக்கம் குமிழி வருகிறதா? வந்தால் மூடி கசிகிறது. இல்லையென்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது. சூட்டில் போட்டீர்களா, ஈஸ்ட் பழசா, பிளீச்சைச் சரியாக அலசவில்லையா என்று யோசியுங்கள். புது ஈஸ்ட் நுரைத்து வந்ததும் சில சொட்டு விட்டு மறுபடி மூடலாம். அப்போது இன்னொரு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ப்பதுதான் பலருக்கும் கை பழகிய தப்பு. முதலில் போட்ட சர்க்கரை எங்கும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

எதிர்பார்த்ததைவிட வாயு அதிகம் என்றால், கணக்கில் வராத சர்க்கரை எங்கிருந்தோ உள்ளே போயிருக்கிறது. அழகுக்காகப் போட்ட உலர்திராட்சை, ‘கொஞ்சம் ருசிக்கு’ என்று ஊற்றிய நன்னாரிப் பாகு, மாதுளைச் சாறு எல்லாமே சர்க்கரைதான். இவை எதுவும் போடவில்லை, ஆனாலும் நாள் ஆக ஆகப் பொங்கல் கூடிக்கொண்டே போகிறது, ருசியும் மாறியிருக்கிறது என்றால் வேறு கிருமி புகுந்திருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிட்டு, பாட்டில்களையும் மாற்றுங்கள். மேலே பூசணம், வெள்ளை ஏடு, அழுகல் வாடை எது தெரிந்தாலும் அதே முடிவு. ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

கண்ணாடியில் அடைத்து, சர்க்கரை அதிகமாகிவிட்டது என்று பிறகு தெரிந்தால் அந்தப் பாட்டிலைக் கையால் தூக்காதீர்கள், அங்கேயே திறக்கவும் முயலாதீர்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல், கனமான ஈரச் சாக்கைப் பல மடிப்பாக மேலே போட்டுக் குளிரவிடுங்கள். விடிகாலைக் குளிர்ச்சியில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, சாக்கோடு சேர்த்து எடுத்து ஐஸ் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, நன்றாகச் சில்லிட்ட பிறகு சாக்கு மூடியபடியே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

ஈஸ்ட் வாங்காமல் செய்ய

இஞ்சித் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. தயிருக்கு உறை வைப்பது போல இதற்கும் ஓர் உறை வைக்கலாம்: இரண்டு டம்ளர் ஆறிய தண்ணீரில் தோல் சீவாமல் துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, துணி கட்டி மூடி வைத்து, தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கினால் நம் சூட்டில் மூன்று நாலு நாளில் நுரைக்கும். வாசனை ஈஸ்ட்டைவிட மேல். ஆனால் அந்த உறையில் தின்னாமல் கிடக்கும் சர்க்கரை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் காரணத்தால்தான் முதல் சில முறை கடை ஈஸ்ட்டில் செய்யச் சொல்கிறேன். கை பழகிய பிறகு உறைக்கு மாறும்போது கடைசித் தீனி போட்டு ஒரு முழு நாள் விட்டு, நுரை அடங்கிய பிறகு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் மட்டும் அடையுங்கள்.

கருப்பட்டியில் அடைக்கலாமா

தாராளமாக. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் இஞ்சியோடு சேர்ந்தால் வெள்ளைச் சர்க்கரை பக்கத்தில் வர முடியாது. ஆனால் வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் சர்க்கரை. கருப்பட்டியில் ஈரமும் தாது உப்புகளும் கலந்திருக்கும். ஆகவே 8 கிராமுக்குப் பதில் 9 கிராம் போடலாம். தட்டி, கொதிநீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மண் அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் எடுங்கள். சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் நிறைய உண்டு. எதில் எவ்வளவு இருக்கிறது என்பது மாறும் என்பதால், புதுக் கருப்பட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் 8 கிராமிலிருந்தே தொடங்குங்கள். பனங்கற்கண்டு என்றால் அதே 8 கிராம் போதும்.

அடுத்த முறை

8 கிராமில் வரும் சோடா மென்மையானது. கடை சோடா மாதிரி மூக்கில் ஏறாது. இன்னும் சுரீர் என்று வேண்டுமென்றால் அடுத்த தொகுதியில் லிட்டருக்கு 9, அதற்கடுத்து 10 என்று ஏற்றலாம். 10 கிராமில் பீர் அளவு வாயு, இரண்டரை மடங்கு, வந்துவிடும். அதற்கு மேல் வீட்டில் போக வேண்டாம். 10 கிராமிலேயே ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தாண்டிவிடும், பாட்டிலின் வயதும் நமக்குத் தெரியாது. ஒரே பாட்டிலைப் பலமுறை பயன்படுத்தும்போது கழுத்திலும் அடியிலும் வெண்மையான கோடுகள் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். காலி செய்த பாட்டிலை உடனே இரண்டு தடவை அலசி, மூடி இல்லாமல் கவிழ்த்துக் காயவையுங்கள். வண்டல் காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தப் பிரஷ் போட்டாலும் போகாது. அடைத்த சோடாவை ஃபிரிட்ஜில் இரண்டு வாரத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.